கண்குரு

வலது மேல் இமையில்
முதலில் ஒரு கடுகு.
ஆடியில் மிளகு.
புரட்டாசி பிறந்தபோது
ஏழு மில்லி சல்லடையில் நின்றுவிடும்.

எதையும் இப்படித்தான் அளக்க வருகிறது.
பன்னிரண்டு வருஷமாய்
மேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன்.
பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம்,
வெடித்ததும் புழு துளைத்ததும் காலடிக் கூடையில்.

விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறினால்
பதினாலு பேர், மடிமேல் மடி.
"யார் குளிக்கிறதை எட்டிப் பார்த்த?" என்றாள் வீருசின்னு.
பவுன்தாய் நாமக்கட்டி இழைத்துக் கொண்டுவந்தாள்.
தங்க மோதிரத்தைத் தேய்த்து வை என்றாள் இன்னொருத்தி.
மோதிரம் கூட்டுறவு பேங்கில் இருந்தது.
உதுமான் கண்ணாடியில் பார்த்து,
"அக்கா என்னைப் பாத்துக் கண்ணடிக்கிற மாதிரியே இருக்கு" என்றான்.
செக்போஸ்ட் வரை
வளைவுக்கு வளைவு சிரிப்பு.

வலி கிடையாது. அதுதான் தொல்லை.
வலிக்காத ஒன்றுக்கு யார் லீவு தருவார்?
சாயங்காலமானால் மட்டும்
பச்சைக்கும் வெளுப்புக்கும் நடுவில்
பாலாடை போல ஒன்று படியும்.

கட்டப்பனையில் டாக்டர் லிஸ்ஸம்மா
இமையை நெருடிப் பார்த்து
"கண்குரு" என்றார்.
அந்தப் பக்கம் குரு என்றால் விதை, பரு.
தெரியும். ஆனாலும் தமிழ்க் காது கேட்பேனா என்கிறது:
நாலு மாசமாய் என் இமைக்குள்
ஒரு குரு சம்மணமிட்டிருக்கிறார்,
உபதேசம் ஒன்றும் கிடையாது.

சீட்டெழுதித் தந்தார்.
வெந்நீர் ஒத்தடம், நாளுக்கு நாலு தடவை, பத்துப் பத்து நிமிஷம்.
சூப்பர்வைசர் தங்கச்சன்
சீட்டை மேலும் கீழும் திருப்பினார்.
"பத்து மினிட்டோ?"
எனக்கு வலிக்காதது அவருக்கு வலித்தது.

காய் உலர்த்தும் அறையில்
சூட்டுக் குழாய் மேல் ஈரத்துணியை விரிப்பேன்.
புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு
இமையில்.
உள்ளே சிவப்பு, பிறகு கறுப்பு, பிறகு
ஒன்றுமில்லாத ஒரு நிறம்.
குழாய் உறுமுகிறது.
யாரும் கூப்பிடவில்லை.

ஒரு மாசம். குரு அசையவில்லை.
ஊசி ஒன்று போட்டார்கள், கொஞ்சம் இளைத்தார்,
தீபாவளிக்குள் பழைய சதை போட்டுவிட்டார்.

அப்புறம்தான் கத்தி.
"பேடிக்கண்டா" என்றார் டாக்டர்.
கண்டா, கண்டா என்று
அதையே பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.
மரத்துப்போக ஊசி. அது மட்டும் வலித்தது.
சின்ன வளையம் மாட்டி
ஈரச் சட்டைக்கையைப் போல
இமையை உள்வெளியாய் மடித்தார்.
சுரண்டும் சத்தம்
தூரத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி.
காட்டச் சொல்லிக் கேட்டேன்.
மணியாய் உருண்டு விழும் என்று நினைத்திருந்தேன்.
பஞ்சில் கொழகொழவென்று
அடிப்பிடித்த கஞ்சி.
இதையா இத்தனை நாள்
சுமந்து மலை ஏறினேன்?

கட்டுப் போட்ட கண்ணோடு இறங்கினேன்.
பள்ளத்துப் பக்கம் முழுக்க இருட்டு.
தினமும் நிமிர்ந்தே பார்க்காத போலீஸ்காரன்
"எந்து பற்றி சேச்சி?" என்றான்.
வீட்டில் செம்புக்கு வெளியே தண்ணீர் ஊற்றினேன்.
மறுநாள் கட்டு அவிழ்த்தபோது
இமை நாவல்பழம்.
பத்து நாளில் அதுவும் வெளிறிப்போனது.

இப்போது ஒன்றுமில்லை.
விரல்தான் இன்னும் புரியாமல்
பேச்சுக்கு நடுவே இமைக்குப் போய்த்
தடவித் தேடிவிட்டுத் திரும்புகிறது.
பச்சை பச்சையாகவும்
வெளுப்பு வெளுப்பாகவும் தெரிகிறது.
தங்கச்சன் நேற்று கேட்டார், மாறியோ என்று.
கொஞ்சம் என்றேன்.

சீட்டு மஞ்சப்பையில் பத்திரமாய் இருக்கிறது.
எத்தனை நாளைக்கு என்று
டாக்டர் அதில் எழுதவில்லை.
பதினோரு மணிக்கு எழுந்து
ஈரத்துணியோடு உலர்த்தும் அறைக்குப் போகிறேன்.
இரண்டு கண்ணிலும் வைக்கிறேன்.